நாற்காலியைக் கேட்டவர்கள்

1968 ஜூனில் அமெரிக்காவின் தேசியக் கல்வித் தொலைக்காட்சியில் 'பிளாக் ஜர்னல்' தொடங்கியது. மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம். கறுப்பர்களால், கறுப்பர்களுக்காக என்றுதான் விளம்பரம். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. ஊடகங்கள் வெள்ளையர் கண்ணால் மட்டுமே நாட்டைப் பார்க்கின்றன என்று அரசு அமைத்த கெர்னர் ஆணையமே அந்த ஆண்டு எழுதியிருந்தது. நிகழ்ச்சியில் தோன்றியவர்கள் கறுப்பர்கள், உழைத்தவர்களில் பலரும் கறுப்பர்கள். எது ஒளிபரப்பாகலாம் என்று முடிவு செய்யும் நிர்வாகத் தயாரிப்பாளர் மட்டும் வெள்ளையர்.

ஆகஸ்டில் கறுப்பினப் பணியாளர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். அவர்கள் கேட்டது அந்த நாற்காலியை. கிடைத்தது. நிகழ்ச்சியை வழங்கிய இருவரில் ஒருவரான வில்லியம் கிரீவ்ஸ் அதில் அமர்ந்தார்.

பிரதிநிதித்துவம் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் கிரீவ்ஸிடம் போய் நிற்பது இதனால்தான். 1926இல் ஹார்லெமில் பிறந்தவர். முதலில் நடிகர். கறுப்பின நடிகர்களுக்குக் கிடைத்ததெல்லாம் எடுபிடி வேடங்களும் கோமாளி வேடங்களும்தான். எனவே நல்ல வேடத்துக்குக் காத்திருக்காமல் 1952இல் கனடாவுக்குப் போய், அங்கே தேசியத் திரைப்பட வாரியத்தில் வேலை கற்றார். பெரும்பகுதி படத்தொகுப்பு. ஒருவர் பேசுவதில் எந்த வாக்கியம் நிற்கும், எது தரையில் விழும் என்பது அந்த மேசையில்தான் முடிவாகிறது. நடிகராக இருந்தவருக்கு அது எப்படிப்பட்ட கண்திறப்பாக இருந்திருக்கும்!

கிரீவ்ஸின் பொறுப்பில் 'பிளாக் ஜர்னல்' 1970இல் எம்மி விருது பெற்றது. விருதைவிட, அங்கிருந்து கிளம்பிய ஆட்களைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அங்கே பணியாற்றிய மேட்லின் ஆண்டர்சனும் இயக்குநர், படத்தொகுப்பாளர். சார்ல்ஸ்டன் மருத்துவமனைகளின் கறுப்பினப் பெண் தொழிலாளர்கள் 1969இல் நடத்திய வேலைநிறுத்தத்தை 'ஐ ஆம் சம்பாடி' என்ற படமாக்கியவர் அவர். அரை மணி நேரம்தான். தேடிப் பாருங்கள்.

சரி, நாற்காலி கிடைத்தபின் என்ன செய்வது? அதே 1968இல் கிரீவ்ஸ் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு படம் எடுத்தார்: 'சிம்பியோசைக்கோடாக்ஸிபிளாஸம்: டேக் ஒன்'. (பெயரை ஒரே மூச்சில் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.) ஒரு தம்பதியின் சண்டைக் காட்சி திரும்பத் திரும்பப் படமாகிறது. அதை எடுக்கும் குழுவை இன்னொரு கேமரா எடுக்கிறது. இயக்குநருக்குத் தொழில் தெரியுமா என்றே குழுவினருக்குச் சந்தேகம் வந்துவிட, அவர் இல்லாத நேரத்தில் கூடிப் பேசி அதையும் படம்பிடிக்கிறார்கள். அந்தச் சுருள் தன் கைக்கு வந்ததும் கிரீவ்ஸ் அதை ஒளித்துவைக்கவில்லை. தன்னைக் கேள்வி கேட்டவர்களைத் தன் படத்துக்குள்ளேயே வெட்டி ஒட்டினார்.

நம் தொலைக்காட்சி விவாதங்களில் நம்மவர் ஒருவரை உட்காரவைத்ததையே சாதனையாகப் பேசும் தோழர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. யார் பேசினார்கள் என்பதோடு, யார் வெட்டினார்கள் என்றும் கேட்க வேண்டும். அம்பேத்கர் 1920இல் அடுத்தவர் பத்திரிகையில் இடம் கேட்டுக்கொண்டு நிற்காமல் 'மூக்நாயக்'கைத் தொடங்கியது இதைத் தெரிந்துதான்.

கிரீவ்ஸ் அதன்பிறகும் நிற்கவில்லை. கும்பல் கொலைகளுக்கு எதிராக எழுதிய ஐடா பி. வெல்ஸ் பற்றி 1989இல் ஆவணப்படம் எடுத்தார். சென்ட்ரல் பார்க் படம் மட்டும் பல ஆண்டுகள் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. 2005இல் அது முறையாகத் திரையரங்குக்கு வந்தபோது அவர் எண்பதை நெருங்கியிருந்தார்.