மூச்சு முட்டிய இன்ஜின்

எங்கள் வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்த பிறகும், பாட்டி காலைக் காபிக்கு மட்டும் குமுட்டி அடுப்பைத்தான் பற்றவைப்பார். சில நாள் எவ்வளவு விசிறினாலும் கரி கனியாது. "கடைக்காரன் ஈரக் கரியைத் தலையில கட்டிட்டான்" என்று அம்மா சொல்வார். பாட்டி பதிலே சொல்லாமல் அடுப்பின் கீழ்வாயில் கையை விட்டு, அடைத்துக்கொண்டிருக்கும் சாம்பலை வழித்து வெளியே எடுப்பார். இரண்டே நிமிடம். அதே கரி செக்கச்செவேலென்று கனிந்துவிடும்.

இங்கிலாந்து ரயில் இன்ஜின் ஒன்றின் கதையைச் சமீபத்தில் படித்தேன். படித்து முடித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பாட்டியின் அந்தக் குமுட்டி அடுப்புதான்.

1952 அக்டோபர் 8. லண்டனுக்குப் பக்கத்தில் ஹாரோ என்ற ஸ்டேஷனில் மூன்று ரயில்கள் மோதிக்கொண்டன. 112 பேர் இறந்தார்கள். அந்த விபத்தில் 'பிரின்சஸ் ஆன்' என்ற பெரிய இன்ஜின் ஒன்றும் உருக்குலைந்துபோனது. அதன் இடத்தை நிரப்ப, ராபர்ட் ரிடில்ஸ் என்ற பொறியாளர் புதிதாக ஒன்றை வடிவமைத்தார். 1954-ல் க்ரூ நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து அது வெளியே வந்தது. எண் 71000. பெயர் 'டியூக் ஆஃப் குளோஸ்டர்'. அந்த வகையில் செய்யப்பட்டது அந்த ஒரே ஒரு இன்ஜின்தான்.

அதன் மீது எல்லோருக்கும் பெரிய எதிர்பார்ப்பு. ஆனால் ஓட்டியவர்களுக்கு ஏமாற்றம். கரியைக் கொட்டிக் கொட்டிக் கை ஓய்ந்ததே தவிர, ஏற்றத்தில் ஏறும்போது போதுமான நீராவி கிடைக்கவில்லை. 'இது கரிப்பேய்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. எங்கே கோளாறு என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் அக்கறை இல்லை. டீசல் இன்ஜின்களின் காலம் வந்துகொண்டிருந்த நேரம் அது. போகப்போகிற பிள்ளைக்கு யார் வைத்தியம் பார்ப்பார்கள்? எட்டே ஆண்டுகளில், 1962-ல், அதை ஓரங்கட்டிவிட்டார்கள்.

முதலில் அதை அருங்காட்சியகத்தில் வைக்க நினைத்தார்கள். பிறகு, முழு இன்ஜின் எதற்கு, ஒரு சிலிண்டர் போதும் என்று முடிவாயிற்று. ஒரு பக்கத்துச் சிலிண்டரை அறுத்தெடுத்து லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். மறுபக்கத்துச் சிலிண்டரையும் கழற்றினார்கள். மிச்சம் இருந்ததைக் காயலான் கடைக்கு விற்றுவிட்டார்கள்.

அந்தக் காயலான் கடையும் லேசுப்பட்டதில்லை. வேல்ஸ் நாட்டின் கடலோரத்தில் பாரி என்ற ஊர். கடைக்காரர் டாய் உட்ஹாம். உடைப்பதற்காக அவர் வாங்கிய நீராவி இன்ஜின்கள் 297. ஆனால் சரக்கு வேகன்களை உடைப்பது சுலபம், லாபமும் சீக்கிரம் வரும் என்பதால், அவருடைய ஆட்கள் வேகன்களையே உடைத்துக்கொண்டிருந்தார்கள். இன்ஜின்கள் உப்புக்காற்றில் வரிசையாக நின்று துருவேறின. நாடெங்கிலுமிருந்து ரயில் பிரியர்கள் வந்து, உண்டியல் குலுக்கிப் பணம் சேர்த்து, ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கிப் போனார்கள். 297-ல் 213 தப்பிப் பிழைத்தன.

1974-ல் ஒரு சிறு குழு வந்து, அந்த வரிசையில் நின்ற டியூக்கைக் கேட்டது. கேலி செய்தவர்கள்தான் அதிகம். பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் இல்லை. நீராவியை உள்ளே விடும் வால்வு அமைப்பும் இல்லை. அது இத்தாலியப் பொறியாளர் கப்ரோட்டியின் முறையில் செய்யப்பட்டது. சுழலும் தண்டு வால்வுகளைத் திறந்து மூடும் நுணுக்கமான ஏற்பாடு. வேறு இன்ஜினிலிருந்து கழற்றி மாட்டலாம் என்றால், இந்த வகையில் இன்னொன்று உலகத்திலேயே இல்லை.

லெஸ்டர் பக்கத்தில் லாஃபரோ என்ற ஊரில், தன்னார்வலர்கள் நடத்தும் 'கிரேட் சென்ட்ரல்' பாரம்பரிய ரயில் பாதை இருக்கிறது. அங்கே இன்ஜினைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வேலை செய்தவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. துருவைச் சுரண்டினார்கள். சிலிண்டர்களைப் புதிதாக வார்ப்பித்தார்கள். பழைய வரைபடங்களைத் தேடிப் பிடித்து வால்வு அமைப்பை முதலிலிருந்து செய்தார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, ஒரு வனவாசத்துக்கு நிகரான காலம்.

இந்தக் கதையில் என்னை உட்கார வைத்த இடம் இனிமேல்தான் வருகிறது.

வரைபடத்தையும் இன்ஜினையும் பக்கத்தில் வைத்து அளந்தபோது, ஒரு இடத்தில் கணக்கு இடித்தது. நெருப்பு எரியும் அறைக்கு அடியில் சாம்பல் விழும் பெட்டி இருக்கும். நெருப்புக்கு வேண்டிய காற்று அதன் கதவுகள் வழியாகத்தான் உள்ளே போகும். ரிடில்ஸின் வரைபடத்தில் இருந்த அளவுக்கு அந்தத் திறப்புகள் இல்லை. தொழிற்சாலையில் சிறியதாகச் செய்துவிட்டார்கள். எட்டு வருடமும் அந்த இன்ஜின் அரை மூச்சில்தான் ஓடியிருக்கிறது. கீழ்வாய் அடைத்த குமுட்டி!

குழுவினர் திறப்புகளைச் சரியான அளவுக்குப் பெரிதாக்கினார்கள். மேலே புகைபோக்கியிலும் ஒரு குறை இருந்தது. 'குப் குப்' என்று வெளியேறும் நீராவிதான் நெருப்புக்குக் காற்றை இழுத்துக் கொடுக்க வேண்டும். அந்த இழுப்பு போதவில்லை. அதற்குக் 'கைல்சாப்' என்ற அமைப்பைப் பொருத்தினார்கள். ஃபின்லாந்துக்காரர் கைலாலா, பிரெஞ்சுக்காரர் சாப்பலோன் இருவருடைய பெயர்களும் சேர்ந்த பெயர் அது.

1986-ல் டியூக் மறுபடி நீராவி விட்டது. 1990-ல் மெயின் லைனுக்கே திரும்பியது. கனமான ரயில்களை இழுத்துக்கொண்டு வடக்கு இங்கிலாந்தின் ஏற்றங்களில் ஏறியது. 'உதவாக்கரை' என்று பெயர் வாங்கிய இன்ஜினை, பிரிட்டனில் மிஞ்சியிருக்கும் வலிமையான நீராவி இன்ஜின்களில் ஒன்று என்று இப்போது பேசுகிறார்கள். வடிவமைத்த ரிடில்ஸ் மட்டும் அதைப் பார்க்கவில்லை. அவர் 1983-லேயே காலமாகிவிட்டார். தான் போட்ட கணக்கு சரிதான் என்று தெரிய, இன்னும் மூன்று வருடம் அவர் இருந்திருக்கலாம்.

என் தம்பியை எங்கள் வீட்டில் 'மக்கு' என்றுதான் கூப்பிடுவோம். நான்கு தரம் கூப்பிட்டால் ஒரு தரம் திரும்புவான். டிக்டேஷனில் பாதி வார்த்தைகளை விட்டுவிடுவான். அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறான். நானும் என் பங்குக்குத் தலையில் குட்டியிருக்கிறேன். ஒன்பது வயதில் காதுவலி என்று அழுதபோதுதான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். "இந்தப் பையனுக்கு ரெண்டு காதுமே பாதிதான் கேக்குது. ரொம்ப நாளாச்சு போலிருக்கே, யாரும் கவனிக்கலையா?" என்று அவர் கேட்டார்.

வீடு திரும்பிய அன்று அப்பா யாரிடமும் பேசவில்லை. பாட்டி மட்டும் தம்பியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சாம்பலை அள்ளாம கரியைத் திட்டியிருக்கோம்டா" என்றார்.

சிகிச்சைக்குப் பிறகு அவனுக்கு நன்றாகக் காது கேட்டது. நன்றாகப் படித்தான். இப்போது போனில் பேசினால் ஊரே கேட்கிற மாதிரிதான் பேசுகிறான். "கொஞ்சம் மெதுவாப் பேசேன்டா" என்று வாய்வரை வரும். சொல்ல மாட்டேன்.