சொல்லாமல் விட்ட உடன்படிக்கைகள்: கொம்பைலரும் நாங்களும்

"கலைப்பீடத்தில படிக்கிற உங்களுக்குக் கொம்பைலரில என்ன வேலை?" எண்டு கேட்கப்போகிறவர்களுக்கு முதலே பதில் சொல்லிவிடுகிறோம். கொம்பைலர் ஒரு மொழிபெயர்ப்பாளர். மனிதர் எழுதிய புரோகிராமைச் சிப்புக்கு விளங்குகிற கட்டளைகளாக மாற்றுவதுதான் அதன் தொழில். மொழிபெயர்ப்பு சம்பந்தப்பட்ட எதுவும் எங்கட விசயமும்தான். அதிலும் ஒரு கொம்பைலரைப் புதுவகைச் சிப்புக்குக் கொண்டுபோகும்போது எழுகிற ஒரு கேள்வி, இலக்கண வகுப்பில் நாங்கள் படிக்கிற கேள்விக்கு மிகக் கிட்ட நிற்கிறது. ஒரு பங்ஷனை அழைக்கும்போது அதற்குக் கொடுக்கிற பெறுமானங்களை எங்கே வைப்பது என்பதே அந்தக் கேள்வி.

கேட்கச் சின்ன விசயம்தான். ஆனால் கடந்த அரை நூற்றாண்டில் புதுச் சிப் வந்த போதெல்லாம் பழைய புரோகிராம்கள் இந்த இடத்தில் வந்து முட்டியிருக்கின்றன. அதற்கான காரணத்தைப் பார்த்தால், தமிழில் அறிவியல் எழுத நினைக்கிற எங்களுக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது எண்டுதான் நினைக்கிறோம்.

முதலில் விசயத்தைப் பார்ப்போம். 3, 5 என்ற இரண்டு எண்களைக் கொடுத்து "கூட்டு" என்கிற பங்ஷனை அழைக்கிறோம். அழைக்கிற பகுதி அந்த இரண்டையும் ஓரிடத்தில் வைக்கவேண்டும். அழைக்கப்பட்ட பகுதி அதே இடத்தில் இருந்து எடுக்கவேண்டும். இரண்டு பகுதிகளையும் வேறுவேறு ஆட்கள், வேறுவேறு வருசத்தில், வேறுவேறு நாட்டில் எழுதியிருக்கலாம். பால்காரர் விடிய வந்து போத்தலைப் படலைத் தூணில் வைத்துவிட்டுப் போகிறார். வீட்டுக்காரர் எழும்பிவந்து தூணில் பார்க்கிறார். இரண்டுபேரும் சந்திக்கவே இல்லை, ஆனாலும் பால் கிடைக்கிறது. தூண்தான் உடன்படிக்கை. பால்காரர் மாறி, புது ஆள் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுப் போனால் பாலும் இருக்கும், வீட்டுக்காரரும் இருப்பார், தேத்தண்ணி மட்டும் இராது.

சிப்பில் பெறுமானம் வைக்க இரண்டு வகை இடம் உண்டு. ஒன்று ரெஜிஸ்டர்: சிப்புக்கு உள்ளேயே இருக்கிற, எண்ணிக்கையில் குறைந்த, மிக வேகமான இடம். மற்றது நினைவகத்தில் இருக்கிற ஸ்டாக், அதாவது அடுக்கு. முதலாவது பெறுமானம் எந்த ரெஜிஸ்டரில், எத்தனைக்குப் பிறகு ஸ்டாக், தசம எண்ணுக்கு வேறு இடமா, பெரிய பொருளென்றால் பொருளையே கொடுப்பதா அதன் முகவரியைக் கொடுப்பதா என்றெல்லாம் எழுதிவைத்த விதித்தொகுப்பை அழைப்பு மரபு எனலாம். மரபு என்ற சொல் இங்கே நன்றாகப் பொருந்துகிறது. இது இயற்கை விதியில்லை. ஆட்கள் கூடி ஒத்துக்கொண்டது.

இப்ப எங்கட பாடத்துக்கு வருவோம். "அம்மா பிள்ளைக்குப் பாலைக் கொடுத்தா" எண்டு சொல்லலாம். "பாலைப் பிள்ளைக்கு அம்மா கொடுத்தா" எண்டும் சொல்லலாம். சொற்கள் இடம் மாறினாலும் பொருள் மாறாது. ஆர் கொடுத்தது, என்னத்தைக் கொடுத்தது, ஆருக்குக் கொடுத்தது என்பதை உருபுகள் சுமக்கின்றன. தொல்காப்பியம் வேற்றுமையியல் என்று தனி இயலே வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் சொல் நிற்கிற இடம்தான் அந்த வேலையைச் செய்யும். சிப் இதில் ஆங்கிலத்தையும் தாண்டிப் போய்விட்டது. ரெஜிஸ்டருக்குள் கிடக்கிற 5 என்ற எண்ணில் ஓர் உருபும் இல்லை. அது வயதா, விலையா, ஒரு முகவரியா எண்டு அதைப் பார்த்துச் சொல்ல ஏலாது. இடம் பிழைத்தால் பொருள் பிழைக்கும், பிழைத்தது ஒருவருக்கும் தெரியாது.

சி மொழியின் கதையிலேயே இது இருக்கிறது. சி வளர்ந்தது பிடிபி-11 என்ற இயந்திரத்தில். அங்கே எல்லாப் பெறுமானங்களும் ஸ்டாக்கில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இருந்தன. எத்தனை பெறுமானம் வரும் என்று முன்கூட்டித் தெரியாத பிரின்ற்எஃப் மாதிரியான பங்ஷன்கள், முதலாவதின் முகவரியை எடுத்து அப்படியே நடந்துபோய் மற்றவற்றைப் பொறுக்கின. அது மொழியின் விதியில்லை, அந்த இயந்திரத்தின் பழக்கம். பெல் ஆய்வகத்தின் ஸ்டீவ் ஜோன்சனும் டெனிஸ் ரிட்சியும் யுனிக்ஸை இன்ரர்டேட்டா 8/32 என்ற வேறொரு இயந்திரத்துக்குக் கொண்டுபோன அனுபவத்தை 1978இல் கட்டுரையாக எழுதினார்கள். 1981இல் சி மொழியின் அழைப்பு முறையைப் பற்றியே தனியாக ஓர் அறிக்கை எழுதினார்கள். பெறுமானங்களை ரெஜிஸ்டரில் கொடுக்கிற இயந்திரங்கள் வந்தபோது, பக்கத்தில் நடந்துபோய்ப் பொறுக்குகிற வித்தை சரிவரவில்லை. கடைசியில் 1989ஆம் ஆண்டு சி தரநிலை, "அடுத்ததைத் தா" என்று கொம்பைலரிடமே கேட்கிற ஒரு முறையை உள்ளே கொண்டுவந்தது. எங்கே இருக்கிறது என்பது கொம்பைலரின் பொறுப்பு, கேட்பது மட்டும் எங்கட பொறுப்பு.

ஒரே சிப்பிலும் இரண்டு மரபு இருக்கலாம். உங்கட மடிக்கணினியில் இருக்கிற 64 பிற் இன்டெல் சிப்பையே எடுங்கோ. லினக்ஸ் போட்டால் முழு எண்களில் முதல் ஆறு ரெஜிஸ்டரில் போகும். விண்டோஸ் போட்டால் முதல் நான்குதான், அதோடு ஸ்டாக்கில் 32 பைற் இடமும் ஒதுக்கிவைக்கவேண்டும். வன்பொருள் ஒன்று, ஊர்வழக்கு இரண்டு.

அண்மைய உதாரணம் 2020. அப்பிள் நிறுவனம் தன் மாக் கணினிகளை இன்டெல்லில் இருந்து தன்னுடைய எம்1 சிப்புக்கு மாற்றியது. அப்பிளின் ஆம் மரபில், எண்ணிக்கை நிலையில்லாத பங்ஷன்களுக்குக் கொடுக்கிற உதிரிப் பெறுமானங்கள் எப்போதும் ஸ்டாக்கில்தான் வைக்கப்படும். மற்றப் பெறுமானங்கள் வழக்கம்போல ரெஜிஸ்டரில். இன்டெல் மாக்கில் இரண்டும் ஒரே ரெஜிஸ்டர்களில் போய்க்கொண்டிருந்தன. அதனால், "இந்தப் பங்ஷன் இந்த வகை" எண்டு பிழையாக அறிவித்திருந்த புரோகிராம்கள்கூட அங்கே பிழையில்லாமல் ஓடின. புதுச் சிப்பில் ஒருவர் ரெஜிஸ்டரில் வைக்க, மற்றவர் ஸ்டாக்கில் தேட, கைக்கு வந்தது குப்பை. சிப் பிழை விடவில்லை, கொம்பைலரும் விடவில்லை. பழைய இயந்திரம் மூடிவைத்திருந்த பிழையைப் புது இயந்திரம் வெளியே எடுத்துப் போட்டது, அவ்வளவுதான்.

கொம்பைலரைப் புதுச் சிப்புக்கு மாற்றுகிறவர் இந்த இடத்தில் உண்மையில் என்ன செய்கிறார்? ஜிசிசி கொம்பைலரில் இது கேள்வி-பதில் மாதிரி நடக்கும். ஒவ்வொரு பெறுமானத்துக்கும் கொம்பைலர் கேட்கும்: இதன் வகை இது, இதுவரை இவ்வளவு வைத்தாயிற்று, இதை எங்கே வைக்கட்டும்? அப்படியே கொடுக்கவா, முகவரியைக் கொடுக்கவா? பாதி ரெஜிஸ்டரிலும் மீதி ஸ்டாக்கிலும் வரலாமா? பெயரில்லாத உதிரிப் பெறுமானமென்றால்? இந்தக் கேள்விகளுக்குச் சிறு சிறு பங்ஷன்களாகப் பதில் எழுதுவதுதான் வேலை. ரிஸ்க்-ஃபைவ் சிப்புக்கான பதில்களைப் பார்ப்போம். முழு எண்களும் முகவரிகளும் முதல் எட்டு, ஏ0 முதல் ஏ7 வரையான ரெஜிஸ்டர்களில். தசம எண்களுக்குத் தனியாக எட்டு. ஆனால் உதிரிப் பெறுமானமாக வருகிற தசம எண் முழு எண்ணுக்குரிய ரெஜிஸ்டரில் போகும். 64 பிற் சிப்பில் 16 பைற்றுக்கு மேற்பட்ட பொருளென்றால் முகவரிதான். இதையெல்லாம் சொல்கிற ஆவணம் திறந்தே கிடக்கிறது. அதை வாசிக்கத் தேவைப்படுவது உயர்கணிதம் இல்லை. நன்னூலுக்கு உரை வாசிக்கிற பொறுமைதான்: விதி, விதிவிலக்கு, விலக்குக்கு விலக்கு.

ரிஸ்க்-ஃபைவ் 2010இல் கலிஃபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதன் கட்டளைத் தொகுதியை ஆரும் காசு கட்டாமல் பயன்படுத்தலாம். எங்களுக்குக் கடல் தாண்டிக் கிட்டத்தில், சென்னை ஐஐடியில், வீ. காமகோடியின் வழிகாட்டலில் உருவான சக்தி சிப்புகள் இந்த வகைதான். 2018இல் அவர்களுடைய சிப்பில் லினக்ஸ் ஓடியது. இங்கே கவனிக்கவேண்டிய விசயம் ஒன்று. அவர்கள் தங்களுக்கெண்டு தனியாக ஒரு கட்டளைத் தொகுதியையும் அழைப்பு மரபையும் கண்டுபிடித்திருந்தால், கொம்பைலரில் இருந்து எல்லாவற்றையும் முதலில் இருந்து எழுதவேண்டி வந்திருக்கும். வெளிப்படையாக எழுதிவைத்த பொது உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டதால், உலகம் ஏற்கனவே எழுதின கொம்பைலர்கள் அவர்களுக்கும் வேலை செய்தன. சிப் புதுசு, பேச்சு பழசு.

எங்கட வாதம் இங்கேதான் தொடங்குகிறது. உடன்படிக்கை பலதாக இருப்பது பெரிய ஆபத்தில்லை. எந்த உடன்படிக்கை என்று சொல்லாமல் விடுவதே ஆபத்து. ரிஸ்க்-ஃபைவில் தசம எண்ணை அதற்குரிய ரெஜிஸ்டரில் கொடுக்கிற மரபும் உண்டு, முழு எண் ரெஜிஸ்டரில் கொடுக்கிற மரபும் உண்டு. எந்த மரபில் தொகுத்தது என்பது ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியிலும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் கலந்து இணைக்கப் பார்த்தால் இணைப்பான் "ஏலாது" எண்டு நின்றுவிடும். சத்தம்போட்டுப் பிழைப்பது, சத்தமில்லாமல் பிழைப்பதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. 2024இல் வந்த ஜிசிசி 14, அறிவிக்காத பங்ஷனை அழைப்பதை வெறும் எச்சரிக்கையாக இல்லாமல் பிழையாகவே எடுக்கத் தொடங்கியதும் இதே காரணத்தால்தான்.

தமிழில் அறிவியல் எழுதுகிற விசயத்தில் நாங்கள் இந்த ஒழுங்குக்கு இன்னும் வரவில்லை. நாங்கள் பௌதிகவியல் என்பதைத் தமிழ்நாட்டில் இயற்பியல் என்கிறார்கள். இரசாயனவியல் அங்கே வேதியியல். கேத்திரகணிதம் அங்கே வடிவியல். ஒரே மொழி, இரண்டு மரபு, லினக்ஸும் விண்டோஸும்போல. இதைப் பற்றி ஆரம்பித்தால் "எது சரியான தமிழ்?" எண்டு சண்டை பிடிப்பதிலேயே பொழுது போய்விடுகிறது. எது சரி என்ற கேள்வியே தேவையில்லை என்பதுதான் எங்கட கருத்து. ஒரு கட்டுரையோ பாடநூலோ எந்தச் சொற்தொகுதியைப் பின்பற்றுகிறது எண்டு முதற்பக்கத்திலேயே சொல்லிவிட்டால் போதும். வாசிக்கிறவர் பெயர்த்துக்கொள்வார்.

இது இந்த மண்ணுக்குப் புதுசும் இல்லை. 1847இல் இங்கே வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் படிப்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களையும் தொகுத்தார். ஒரு சொல்லை உருவாக்கியதோடு நிற்காமல், அது எதைக் குறிக்கிறது எண்டு பட்டியலிட்டும் வைத்த உழைப்பு அது.

எங்களை மறுப்பவர்கள் இரண்டு விசயம் சொல்வார்கள். ஒன்று, "கொம்பைலர் எல்லாம் எப்பவோ எழுதி முடிஞ்சுது, வெப்சைற்றும் அப்பும் செய்யப் படிச்சால் வேலை கிடைக்கும்." வேலை முக்கியம்தான், அதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. 2022இன் நெருக்கடியைப் பார்த்த எங்களுக்கு அதை ஆரும் சொல்லித்தரத் தேவையுமில்லை. ஆனால் எல்லாரும் செய்யக்கூடிய மேல்தட்டு வேலையை மட்டும் கற்றுக்கொண்டால், அந்த வேலை நாளை இன்னும் மலிவான ஊருக்கோ இயந்திரத்துக்கோ போகும்போது எங்கட கையில் ஒன்றும் இராது. புதுச் சிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆரோ ஒருவர் இருந்து, பெறுமானத்தை எங்கே வைப்பது எண்டு எழுதத்தான் வேண்டும்.

இரண்டாவது, "இது கணிதப்பிரிவுப் பிள்ளையளின்ர விசயம்." உயர்தரத்தில் பதினாறு வயதில் எடுத்த ஒரு முடிவு, எதை விளங்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு என்பதை வாழ்நாள் முழுக்கத் தீர்மானிக்கத் தேவையில்லை. விதிகளை உன்னிப்பாக வாசிப்பதும், சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிப்பதும், ஒன்றை இன்னொரு மொழியில் பொருள் கெடாமல் சொல்வதும் எங்கட பயிற்சி. மேலே சொன்ன வேலைக்கு வேண்டியதும் அதுதான்.

ஆகவே எங்கட யோசனை பெரிதில்லை. திருநெல்வேலியில் கலைப்பீடமும் கணினி விஞ்ஞானத் துறையும் ஒரே வளாகத்தில் நடை தூரத்தில் இருக்கின்றன. இரண்டிலும் இருந்து நாலைந்து பேர் சேர்ந்து, ரிஸ்க்-ஃபைவ் அழைப்பு மரபு ஆவணத்தைத் தமிழில் விளக்கமாக எழுதலாம். அதோடு, ரூயி உயேயாமா எழுதிய சிபிசிசி மாதிரி, ஓர் ஆள் இருந்து வாசித்து முடிக்கக்கூடிய ஒரு சின்னக் கொம்பைலரை எடுத்து, அதன் அழைப்புப் பகுதியை மட்டும் ரிஸ்க்-ஃபைவுக்கு மாற்றிப் பார்க்கலாம். சிப் வாங்கக் காசு வேண்டாம், கியூஎமு என்ற இலவச மென்பொருள் சிப்பைப்போலவே நடித்துக்காட்டும். இரண்டு எண் கொடுத்துக் கூட்டுவதில் தொடங்குங்கோ. பிறகு ஒன்பது எண் கொடுங்கோ, எட்டோடு ரெஜிஸ்டர் முடிய ஒன்பதாவது எங்கே போகிறது எண்டு பாருங்கோ. பிறகு ஒரு தசம எண்ணைப் பிரின்ற்எஃப்புக்குக் கொடுத்துப் பாருங்கோ.

தமிழில் எழுதும் அந்த விளக்கத்தின் முதற்பக்கத்தில், நாங்கள் பயன்படுத்துகிற சொற்கள் எவை, எந்த வழக்கில் இருந்து எடுத்தவை என்ற பட்டியல் இருக்கவேண்டும். அதை மறக்கவேண்டாம். பிறகு வருகிறவர்கள் ஒத்துப்போனாலும் சரி, மாற்றினாலும் சரி. மாற்றுகிறோம் என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.