குறையைச் சொல்லும் கருவி



தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவில் பிரஷர் குக்கர் வாங்காத குடும்பம் நம் பங்கில் இருக்குமா என்பது ஐயமே. குக்கரை அடுப்பில் ஏற்றியவுடன் எந்தத் தாயும் குண்டைப் போட்டுவிடுவதில்லை. நீராவி சீறி வெளிவரும்வரை பொறுத்திருந்தே போடுகிறாள். காரணம் கேட்டால், "அப்படித்தான் போட வேண்டும், சாமி" என்பாள். உள்ளிருக்கும் காற்றை நீராவி முற்றிலும் வெளியே தள்ள வேண்டும் என்பதற்காகவே அந்தக் காத்திருப்பு. உயிர் காக்கும் ஒரு பெரிய கருவியின் தத்துவமும் இதுவே.

ஏழைகளுக்கெனச் சிறு பரிசோதனைக் கூடம் நடத்தும் கன்னியர் சிலர், ஆட்டோகிளேவ் எனப்படும் நீராவிக் கிருமிநீக்கி ஒன்றின் விலைப்பட்டியலுடன் அண்மையில் நம்மிடம் வந்தனர். அடிப்படைக் கருவிக்கு ஒரு விலை. அதன்கீழ், விரும்பினால் சேர்த்துக்கொள்ளத்தக்க வசதிகளின் நீண்ட வரிசை. அனைத்தையும் சேர்த்தால் விலை ஏறக்குறைய இருமடங்காகும். மக்களின் காணிக்கைப் பணத்தில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதே அவர்கள் கேள்வி. நாம் குருமடத்தில் கற்றது மெய்யியலும் இறையியலுமே. ஆயினும் படித்தும் கேட்டும் அறிந்ததை அவர்களுக்குச் சொன்னோம். அதையே இங்கும் எழுதுகின்றோம்.

1679இல் டெனி பாப்பின் என்பார் நீராவியை அடைத்துச் சமைக்கும் கலத்தை உருவாக்கினார். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப்பின், லூயி பாஸ்டரின் துணைவராய் உழைத்த சார்ல்ஸ் சாம்பர்லாந்து, 1879இல் அதே தத்துவத்தைக் கிருமிகளை அழிக்கப் பயன்படுத்தினார். உலர்ந்த சூட்டில் 160 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் பிடிக்கும் வேலையை, அழுத்தப்பட்ட நீராவி 121 டிகிரியில் பதினைந்தே நிமிடங்களில் முடித்துவிடுகிறது. நீராவி பொருளின்மேல் பட்டுக் குளிர்ந்து நீராகும்போது தன்னுள் மறைந்திருந்த வெப்பம் முழுவதையும் அதற்குக் கொடுத்துவிடுவதே இதற்குக் காரணம்.

சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் இருந்தால் 121 டிகிரி என்பது பாடம். ஆனால் காற்றில் பாதி உள்ளேயே தங்கிவிட்டால், முள் அதே 15இல் நின்றாலும் வெப்பம் 112 டிகிரியைத் தாண்டாது. பாஸ்டர் பெயரால் 1907இல் நிறுவப்பட்ட ஆய்வு நிலையம் உள்ள குன்னூரைப் போன்ற மலையூர்களில், காற்றழுத்தம் குறைவாதலால், அதே 15 பவுண்டு ஏறத்தாழ 118 டிகிரியையே தரும். ஆகவே அழுத்தத்தைக் காட்டும் முள்ளை மட்டும் நம்புவது தகாது.

நம்பியதன் விலையை 1972இல் இங்கிலாந்தின் பிளிமத் நகர மருத்துவமனை கண்டது. நோயாளிகளின் நரம்பு வழியே ஏற்றிய குளுக்கோஸ் நீரில் கிருமிகள் இருந்தன, ஐவர் உயிரிழந்தனர். அந்தப் புட்டிகளைக் கிருமிநீக்கம் செய்த நாளில் கருவியின் அடியில் காற்று தங்கிவிட்டிருந்தது. அழுத்தமானி எல்லாம் நலம் என்றது. அடிப்பகுதியின் வெப்பத்தை எழுதும் பதிவுக்கருவியோ, சூடு ஏறவில்லை என்று உண்மையைச் சொன்னது. பதிவுக்கருவிதான் பழுது என்று எண்ணி அதைப் புறக்கணித்தனர்.

இதை மனத்தில் கொண்டு பட்டியலைப் பார்த்தோம். பொருளுக்குள்ளேயே செருகி அதன் உள்வெப்பத்தை அளக்கும் உணர்கம்பி முதலில் வேண்டும். திரவங்கள் 80 டிகிரிக்குக் கீழே ஆறும்வரை கதவைத் திறக்கவிடாத பூட்டை அதனோடு இணைத்துவிட்டால், சூடான புட்டி வெடித்து முகம் வேகும் ஆபத்தும் நீங்கும். அடுத்தது, நாளையும் நேரத்தையும் வெப்பத்தையும் தானே எழுதும் பதிவுக்கருவி. மருத்துவக் கழிவைச் சுத்திகரிக்கும் கருவிக்கு இதை 2016ஆம் ஆண்டின் விதிகளே கட்டாயமாக்கியுள்ளன. அவ்விதிகளின்படி, கழிவுக்குப் பதினைந்து நிமிடம் போதாது. சாதாரணக் கருவியில் 121 டிகிரியில் 60 நிமிடமும், வெற்றிடக் கருவியில் 45 நிமிடமும் வேண்டும்.

காற்றை உறிஞ்சியெடுக்கும் வெற்றிடப் பம்பு, துணி சுற்றிய பொருள்களுக்கும் கழிவுப் பைகளுக்கும் மிக ஏற்றது. திரவங்களுக்கு அதனால் பெரும் பயனில்லை. குளிர்க்கும் நீரை வீணாக்காது சுழற்றும் அமைப்பு, 2019இல் ஏரிகள் வற்றிப்போன சென்னையில் ஆடம்பரமன்று. விரைவாய்க் குளிர்விக்கும் வசதி, நாள்தோறும் பல முறை இயக்குவோர்க்கே தேவை. வண்ணத் தொடுதிரை கண்ணுக்கு இனியது. கிருமிக்கு அது ஒன்றும் செய்வதில்லை.

கன்னியர் புதுக்கருவி தேடியதன் காரணத்தை இறுதியாகவே சொன்னார்கள். வெப்பத்தை எளிதில் தாங்கும் கிருமி வித்துகள் அடங்கிய சோதனைக் குப்பி ஒன்றை, அங்குப் பணிபுரியும் இளம்பெண் ஒரு நாள் பைகளின் நடுவே வைத்தாள். முள் 15ஐக் காட்டியது, வித்துகளோ சாகவில்லை. "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே, குப்பிதான் கெட்டது" என்றார் ஒருவர். அவள் விடவில்லை. மறுநாளும் வைத்தாள், மறுநாளும் அதே முடிவு. பைகளை நெருக்கி அடைத்ததால் நடுவில் நீராவி புகவே இல்லை. அந்தப் பைகளை நாள்தோறும் வெறுங்கையால் தூக்கிச் சென்றவர் துப்புரவுப் பணி செய்யும் ஒரு தாய். கருவியை உடனே நிறுத்தி, அந்தத் தாய்க்கு இரத்தப் பரிசோதனை செய்வித்த பின்னரே கன்னியர் நம்மிடம் வந்தனர். அவருக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை.

உணர்கம்பி, பதிவுக்கருவி, வெற்றிடப் பம்பு, நீர்ச்சுழற்சி ஆகியவற்றை மட்டும் ஏற்பதென முடிவாயிற்று. தொடுதிரையை விட்டதில் மிஞ்சிய தொகையில் சோதனைக் குப்பிகளும், அந்தத் தாய்க்குத் தடித்த கையுறைகளும் வாங்கினர். குப்பி வைக்கும் பொறுப்பு அந்த இளம்பெண்ணுக்கே கொடுக்கப்பட்டது.

அடுத்த முறை இரத்தம் கொடுக்கப் பரிசோதனைக் கூடத்துக்குச் செல்லும்போது, "கடைசியாக எப்போது குப்பி வைத்துப் பார்த்தீர்கள்?" என்று அன்புடன் கேளுங்கள். நல்ல கூடத்தார் வருந்தமாட்டார்கள்; பதிவேட்டை எடுத்துக் காட்டுவார்கள்.