படகு எஞ்சின் நின்றால் முதலில் பெட்ரோலைப் பாருங்கள்

ஏரியின் நடுவே அவுட்போர்டு எஞ்சின் மிஸ் அடித்து நின்றுவிட்டால், படகுக்காரரின் கை நேராக ஸ்பார்க் பிளக்குக்குப் போகிறது. பல சமயம் கோளாறு அங்கே இருப்பதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, ஓட்டுபவரின் உடலோடு எஞ்சினை இணைக்கும் பாதுகாப்புக் கயிறு. அது கழன்றிருந்தால் எஞ்சின் கிளம்பவே கிளம்பாது. அடுத்தது டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு. அது அடைபட்டிருந்தால், கையால் அழுத்திப் பெட்ரோல் ஏற்றும் ரப்பர் பல்பு சப்பிப்போய்விடும். எவ்வளவு அழுத்தியும் பல்பு இறுகவில்லையென்றால், டேங்க் காலி. இல்லையேல் குழாயில் எங்கோ காற்று புகுகிறது.

இவை சரியாக இருந்தும் எஞ்சின் திணறினால், டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வைக்க வேண்டும். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான். பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணம் கொண்டது. 10% எத்தனால் கலந்த பெட்ரோல், சுமார் 15 டிகிரி செல்சியஸில், ஏறத்தாழ 0.5% தண்ணீரைத்தான் தாங்கும். 20 லிட்டர் டேங்குக்கு அது 100 மில்லி. சரியாக மூடாத டேங்கில் ஒரு மழைக்கே அவ்வளவு இறங்கிவிடும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். எஞ்சின் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். மேலே மிஞ்சும் பெட்ரோலுக்கும் ஆக்டேன் குறைந்துவிடும். குலுக்கினாலோ மருந்து ஊற்றினாலோ பயனில்லை, முழுவதையும் வடித்துவிட வேண்டும்.

எத்தனாலின் தொல்லையை அமெரிக்கப் படகுக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 2004-ல் நியூயார்க், கனெக்டிகட் மாநிலங்களில் பெட்ரோலில் கலக்கப்பட்டுவந்த எம்.டி.பி.இ. என்ற பொருள் தடைசெய்யப்பட்டு, அந்த இடத்துக்கு எத்தனால் வந்தது. பழைய படகுகளின் ஃபைபர்கிளாஸ் டேங்குகளில் பிசின் கரைந்து, கருப்புப் படிவு வால்வுகளில் ஒட்டி எஞ்சின்களைக் கெடுத்தது. பின்னர் 2001 மாடல் முதலான கார்களுக்கு 15% எத்தனால் கலப்பை அனுமதித்த அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, படகுகளுக்கு அதைத் தடைசெய்தது. அந்த எச்சரிக்கை பம்பிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது.

இந்தியாவிலோ 2025-க்குள் 20% கலப்பே சாதாரண பெட்ரோல் ஆகிவிட்டது. இறக்குமதிச் செலவு குறைகிறது, கரும்பு, மக்காச்சோள விவசாயிக்குச் சந்தை கிடைக்கிறது, இரண்டும் நல்லவை. எத்தனால் கூடினால் பிரிவதற்கு முன் தாங்கும் தண்ணீரும் கூடும் என்பதும் உண்மையே. ஆனால் பெரும்பாலான அவுட்போர்டு தயாரிப்பாளர்களின் கையேடுகள் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. தினமும் ஓடும் காருக்கு வகுத்த கொள்கையை, வாரக்கணக்கில் ஈரக்காற்றில் கட்டிக்கிடக்கும் படகுக்கு அப்படியே பொருத்துவது சரியல்ல. கார் நின்றால் இறங்கித் தள்ளலாம். கடலில் எங்கே இறங்குவது?

படகு வைத்திருப்பவர்கள் அன்றன்றைக்குத் தேவையான பெட்ரோலை மட்டும் ஊற்றட்டும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரைப் பொருத்தட்டும். அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. முட்டுக்காடு போன்ற படகுத் துறைகளிலும், அவுட்போர்டைப் பெட்ரோலில் ஓட்டும் மீனவர்கள் நிரப்பும் துறைமுக பம்புகளிலும் எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைக்கப் பெட்ரோலிய அமைச்சகம் உடனே வழிசெய்ய வேண்டும்.