ஓடுபவர்கள் இருக்கின்றனர், உடன் நிற்பவர் எங்கே?

பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம் வந்தால், அன்புவழிபுரம் முதல் கிண்ணியா வரை மாணவர்கள் மரதன் ஓடுகின்றனர். முதலாவதாக வருபவருக்கு வெற்றிக் கிண்ணம் கிடைக்கிறது. மறு வாரம் அவரை எவரும் விசாரிப்பதில்லை. இங்கிருந்து ஒரு கென்ய வீரரைப் போன்றவர் உருவாக முடியாதா என்ற வினா எழுவது இயல்பே.

முடியாது என்பதற்கில்லை. 1970இல் பாங்கொக்கில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர் ஆகிய இரண்டு ஓட்டங்களிலும் தங்கம் வென்றவர் இலங்கையரான லூசியன் ரோசா. 1972 மியூனிக் ஒலிம்பிக்கிலும் அவர் ஓடினார். பின்னர் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பார்க்சைட் பல்கலைக்கழகத்தில் பயின்று, அங்கேயே நீண்ட காலம் பயிற்றுநராகப் பணியாற்றினார். அதற்காக அவரைக் குறை கூறுவதற்கில்லை. அவரது அனுபவத்தைப் பெற்றுக்கொண்டோர் அந்நாட்டு மாணவர்கள் என்பதே எமது ஆதங்கம்.

கென்யாவில் நிகழ்ந்தது வேறு. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 3,000 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்ற பற்றிக் சாங்கும் அமெரிக்காவில் பட்டம் பெற்றவரே. ஆனால் அவர் ஊர் திரும்பினார். அயலிலிருந்த பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் அவரிடம் பயிற்சி அட்டவணை கேட்டு வந்தான். அச்சிறுவனே எலியுட் கிப்சோகே. 2003இல் 18 வயதில் 5,000 மீற்றரில் உலகச் சம்பியனான அவர், 2012 ஒலிம்பிக் அணியில் இடம் கிடைக்காதபோதும் துவண்டுவிடவில்லை. மரதனுக்கு மாறி, 2016இலும், 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றார். 2022இல் பேர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 செக்கனில் ஓடி உலக சாதனை படைத்தார். அப்போதும் அவரது பயிற்றுநர் சாங்கே.

கென்யாவின் வெற்றிக்கு உயர்ந்த மலைப்பிரதேசமே காரணம் என்பர். அது மட்டுமே போதுமெனில், எமது மலையகமும் ஒலிம்பிக் பதக்கங்களைக் குவித்திருக்க வேண்டும். திறமையைக் கண்டவுடன் அதைக் கைவிடாது, இருபது ஆண்டுகள் உடன் நிற்கும் ஒருவர் வேண்டும்.

திருகோணமலைக்கு வேண்டியதும் அதுவே. அயலிலுள்ள தமிழ், முஸ்லிம் பாடசாலைகள் சிலவற்றுக்குப் பொதுவாக, இடமாற்றத்தால் அலைக்கழிக்கப்படாத ஒரு பயிற்றுநரை நியமிக்கலாம். ஒவ்வொரு மாணவரின் நேரத்தையும் ஆண்டுதோறும் பதிந்து பேணலாம். உயர்தரப் பரீட்சைக்குப் பின்னரும் பயிற்சி தொடர வழிசெய்யலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏற்படாது. இளமையில் ஊரைவிட்டுச் சென்று அனுபவம் பெற்றோர், விடுமுறையிலாவது இப்பிள்ளைகளோடு ஒரு காலைப் பொழுதைக் கழிக்க முன்வரலாம்.

கிண்ணத்தை வழங்கிக் கைகுலுக்குவதோடு எமது கடமை முடிந்துவிடுவதில்லை. உண்மையில், அது அங்கேதான் தொடங்குகிறது.