வருஷம் பூரா ஆடித் தள்ளுபடியா?

புனே வந்து பதினோரு வருஷம் ஆச்சு. அதில் கடைசி ஆறு வருஷமா ஆபீஸ் போய் பொட்டி தட்டுறதை விட்டுட்டு, வீட்டிலிருந்தே கம்பெனிகளுக்கு விளம்பர மெயில் எழுதிக் கொடுக்கிறேன். ஃப்ரீலான்ஸ். ஊருக்குப் போனா இது என்ன வேலைன்னு விளக்குறதுக்குள்ள காபி ஆறிடும். "காலங்காத்தால வந்து நிக்குமே, 'இன்னிக்கு மட்டும் 40 சதவீதம் தள்ளுபடி'ன்னு, அதை எழுதுறது நீதானா?"ன்னு சித்தப்பா ஒரு தடவை கேட்டார். கேட்ட தொனியே சரியில்லை :-)

அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கு. ஆனா தினமும் மெயில் அனுப்புறதே தப்புங்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன்.

எங்க தெருவுக்கு தினமும் காய்கறி வண்டி வருது. யாரும் அதைத் தொல்லைன்னு சொல்லி நான் கேட்டதில்லை. வண்டிக்காரர் தினமும் ஏதாவது ஒரு சேதி வச்சிருப்பார். "மேத்தி இளசா இருக்கு"ம்பார். "தக்காளி இன்னிக்கு வேணாம், ரொம்பப் பழுத்துடுச்சு, சட்னிக்குத்தான் ஆகும்"னும் சொல்வார். வேணாம்னு சொல்ற வாய்ங்கிறதால, வாங்குங்கன்னு சொல்லும்போது நம்புறோம். தினசரி மெயிலுக்கு இதைவிடப் பெரிய பாடம் எந்த மார்க்கெட்டிங் வகுப்பிலும் கிடைக்காது.

ஒரு உதாரணம் சொல்றேன். இரும்புப் பாத்திரம் விற்கிற ஒரு கம்பெனிக்கு எழுதுறேன். தினமும் இரும்புச் சட்டியைப் பத்தி என்னத்தை எழுதுறது? அவங்க வாடிக்கையாளர் சேவைக்கு வர்ற கேள்விகளை எல்லாம் கேட்டு வாங்கினேன். அது ஒரு சுரங்கம். புதுக் கல்லில் தோசை ஏன் ஒட்டுது? துரு பிடிச்சா தூக்கிப் போடணுமா? ராத்திரி புளிக்குழம்பை அதிலேயே விட்டு வைக்கலாமா? ஒவ்வொரு கேள்வியும் ஒரு மெயில். தோசைக்கல்லைப் பழக்குறதை நம்ம பாட்டிங்க செஞ்ச மாதிரியே எழுதினேன்: கழுவி, ஈரம் போகத் துடைச்சு, எண்ணெய் தடவி, சூடு காட்டி, மறுபடி தடவி, முதல் தோசைக்கு முன்னாடி அரை வெங்காயத்தால ஒரு தேய்ப்பு. புளிப்பு, இரும்பில் படிஞ்ச எண்ணெய்ப் பூச்சை எடுத்துடும், அதனால குழம்பை உடனே வேற பாத்திரத்துக்கு மாத்திடுங்கன்னு ஒரு நாள். ஒரு மெயிலுக்கு ஒரே ஒரு விஷயம். கடைசி வரியில்தான் விற்பனை. குர்கானிலிருந்தும் இந்தூரிலிருந்தும் பதில் எழுதுறாங்க. விளம்பர மெயிலுக்கு மனுஷங்க பதில் போடுறதுதான் எனக்கு ரிசல்ட்.

'எத்தனை பேர் திறந்தாங்க'ங்கிற கணக்கை நான் நம்புறதில்லை. மெயிலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு பொட்டுப் படம் இருக்கும். அது இறங்கினா மெயிலைத் திறந்ததா கணக்கு. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் ஒரு வசதி கொண்டு வந்தது. அதைப் போட்டு வச்சா, நாம திறந்தாலும் திறக்காட்டியும் படங்களை அதுவே முன்கூட்டி இறக்கிடும். அப்புறம் அந்தக் கணக்குக்கு என்ன மதிப்பு?

இப்போ சித்தப்பாவோட கோபத்துக்கு வர்றேன். சொல்றதுக்குச் சேதி இல்லாதவங்க கையில் எடுக்கிறது ஒரே ஆயுதம்தான்: "கடைசி வாய்ப்பு! இன்னும் 2 மணி நேரம்தான்!" மறுநாள் அதே சலுகை, அதே 2 மணி நேரம். ஆடித் தள்ளுபடிக்கு தி.நகரில் ஏன் அப்படி ஒரு கூட்டம்? ஆடி வருஷத்துக்கு ஒரு மாசம்தான். பன்னிரண்டு மாசமும் ஆடின்னா யார் போவா?

இது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. நம்மில் நிறைய பேருக்கு அப்பா அம்மா ஊரில் தனியா இருக்காங்க. கையில் ஸ்மார்ட்போன் நாமதான் வாங்கிக் கொடுத்தோம். "கேஒய்சி இன்னிக்கே முடிக்கலைன்னா கணக்கு முடக்கப்படும்", "இன்று இரவு மின்சாரம் துண்டிக்கப்படும்"னு வர்ற மோசடிச் செய்திகளைப் பாருங்க. யோசிக்க நேரம் கொடுக்கக் கூடாது, பதற வைக்கணும், அவ்வளவுதான் அந்த வித்தை. தினமும் பொய்யா அவசரப்படுத்துற கம்பெனியும் அதே பதற்றத்தைத்தான் பழக்குது. திருடன் பேசுற மொழியை பெரிய கடைக்காரனும் பேசினா, வயசானவங்க எப்படிப் பிரிச்சுப் பார்ப்பாங்க? கொஞ்ச நாள் கழிச்சு "புலி வருது" கதையா, வங்கி நிஜமாவே அனுப்புற எச்சரிக்கையையும் பார்க்காம விட்டுடுவாங்க.

சட்டமும் இதைக் கவனிச்சிருக்கு. 2023 நவம்பர் 30 அன்னிக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் வியாபாரத்தில் கூடாதுன்னு 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டது. பொய்யான அவசரம் அதில் ஒண்ணு. ஜிமெயிலும் 2024 பிப்ரவரியிலிருந்து கெடுபிடி. ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல ஜிமெயில்காரங்களுக்கு அனுப்புற கம்பெனி, ஒரே தட்டில் விலகும் வசதி தரணும். குப்பைன்னு புகார் செய்றவங்க ஆயிரத்துக்கு 3 பேரைத் தொடக் கூடாது. தொட்டா மெயில் நேரா ஸ்பாமுக்குப் போக ஆரம்பிச்சுடும்.

இதையெல்லாம் எடுத்துச் சொல்லியும் ஒரு க்ளையண்ட் கேட்கலை. தினமும் கவுண்ட்டவுன் வேணும்னாங்க. நேரம் முடிஞ்சதும் திரும்ப முதலிலிருந்து ஓடுற கடிகாரம். என் மாச வருமானத்தில் கால்வாசிக்கு மேல அங்கிருந்து வந்துக்கிட்டு இருந்தது. முடியாதுன்னு சொன்னேன். வேற ஆள் பார்த்துக்கிட்டாங்க. மூணு மாசம் கையைக் கடிச்சது. பள்ளி ஃபீஸ் கட்டுற மாசம் வேற. வீட்டில், "நீ எழுதலைன்னா வேற யாரோ எழுதத்தான் போறாங்க"ன்னாங்க. உண்மைதான். ஆனா அந்த மெயில் எங்கம்மா போனுக்கும் போகும்.

அதுக்கப்புறம் புதுசா யாரோட வேலை ஆரம்பிச்சாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கிறேன்: கடைசி நாள்னு எழுதினா அது நிஜமாவே கடைசி நாளா இருக்கணும். இதுவரை ரெண்டு பேர் அதைப் பார்த்துட்டுப் பின்வாங்கினாங்க. மத்தவங்க கையெழுத்துப் போட்டாங்க. இந்த வேலைக்குப் புதுசா வர்ற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்றதும் இதான். ஆரம்பத்திலேயே பேசிடுங்க, நடுவில் மறுக்கிறது ரொம்பக் கஷ்டம்.

மத்தவங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, அப்பா அம்மா போனை வாங்கி ஒரு அரை மணி நேரம் உட்காருங்க. தெரிஞ்ச கடைகளோட தொல்லை மெயில்களிலிருந்து விலகிக் கொடுங்க. தெரியாத இடத்திலிருந்து வந்ததா? உள்ளே இருக்கிற எதையும் தொடாதீங்க, ஸ்பாம்னு மட்டும் குறிச்சுடுங்க. அப்படியே, "அவசரம்னு எது வந்தாலும் முதல்ல எனக்கு ஒரு போன் பண்ணுங்க"ன்னும் சொல்லிட்டு வாங்க.