முதல் மாத்திரை கேட்கவில்லை என்றால்



போன வாரம் என்னிடம் படித்த ஒருவன் போன் செய்தான். மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரமாம். "ஒன்றும் கேட்கவில்லை சார், நிறுத்திவிடப் போகிறேன்" என்றான். எனக்கு என் மனைவியின் ஞாபகம் வந்தது. அவளுக்கும் முதல் மருந்து ஆறு வாரம் சாப்பிட்டும் கேட்கவில்லை. டாக்டர் மாற்றிக் கொடுத்த இரண்டாவதில்தான் தேறினாள். அந்த ஆறு வாரமும் "மனசைத் திடமா வச்சுக்கோ" என்று அவளையே குறை சொன்னவர்களில் நானும் ஒருவன்.

யாருக்கு எந்த மருந்து கேட்கும் என்று முன்னாலேயே தெரிந்துகொள்ள முடியாதா? முயன்றவர்கள் உண்டு. 1971-இல் அமெரிக்காவில் ஃபாசெட், சியோமோபுலோஸ் என்ற இரு மருத்துவர்கள் ஒரு வழி சொன்னார்கள். இமிப்ரமின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் பலன் தர வாரக்கணக்கில் ஆகும். ஆம்ஃபெடமின் வகை ஊக்க மருந்தோ சில மணி நேரத்தில் வேலையைக் காட்டும். இரண்டுமே மூளையில் நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தைத் தூண்டுபவை. ஆகவே ஊக்க மருந்தைச் சிறிது கொடுத்துப் பார்த்து, அதில் மனம் தெளிகிறவர் மற்ற மருந்திலும் தேறுவார் என்று கணிக்கலாம் என்பது அவர்கள் எண்ணம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது போன்ற அழகான யோசனைதான். ஆனால் பின்னால் வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒரே மாதிரி அமையவில்லை. ஊக்க மருந்துக்கு அடிமையாகும் ஆபத்தும் உண்டு. அதனால் அது வழக்கமான பரிசோதனையாக நிலைக்கவில்லை. தயவுசெய்து யாரும் வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

அமெரிக்காவில் சுமார் 4,000 பேர் சேர்ந்த ஸ்டார்-டி ஆய்வின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. முதல் மருந்திலேயே முழுதாகத் தேறியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அப்படியென்றால் முதல் மாத்திரை கேட்காதது நோயாளியின் தவறா? அவர் மன உறுதியில் குறையா? இல்லவே இல்லை.

என் கருத்து இதுதான். நம்பகமான பரிசோதனை வரும்வரை காத்திருப்பும் சிகிச்சையில் ஒரு பகுதி. அந்தக் காத்திருப்பை நோயாளி தனியாகச் சுமக்கக் கூடாது. மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். கூட ஒருவர் போக வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் அறிவுரையைக் குறைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும்.

அந்த மாணவன் நேற்று டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தான். துணைக்கு நான் போயிருந்தேன். என் மனைவிக்குச் செய்யத் தவறியது அது.

அன்புடன்,
உங்கள் சார்